சொல்லிவிட்டுப் போகிறவர்

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலைக் கஞ்சி குடித்த பிறகு சாமிதுரை தன் அப்பாவுக்கு முகம் மழித்துவிடுவார். வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஸ்டூலைப் போட்டு, எண்பதை நெருங்கிய மருதையனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைப்பார். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கன்னத்தில் ஒற்றுவார். நுரை தடவி, ஒட்டிப்போன கன்னத்தை உள்ளேயிருந்து நாக்கால் தள்ளவைத்து, தாடைக்கு அடியில் தோலை இழுத்துப் பிடித்து, வரப்பு ஓரம் செதுக்குகிற கவனத்தோடு மழிப்பார். ஒரு கீறல் விழுந்ததில்லை. ரேசர் கிட்டே வந்ததும் கிழவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். துடைத்து முடிக்கும்வரை திறக்க மாட்டார். சோப்பு எரிச்சல் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

குடவாசலுக்குத் தெற்கே, மேலக்கரை என்கிற அந்தச் சின்ன ஊரில், தெருவில் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மருதையன் சாதாரண ஆள் இல்லை. பண்ணையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எழுபதுகளில் நடந்த போராட்டத்தில் நான்கு மாதம் ஜெயிலில் இருந்தவர். குடியிருக்கும் மனைகளுக்குப் பட்டா வாங்கியதில் அவர் உழைப்பு பெரிது. விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் அவர் போட்டோ மாட்டியிருக்கிறது. "அவரு வளத்த புள்ள, வேற எப்படி இருப்பான்" என்பார்கள் சாமிதுரையைப் பார்த்து.

சாமிதுரைக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. ஆட்சி மாறி, வீட்டுக்கு வீடு இலவச டிவியும் நிலமில்லாதவர்களுக்கு இரண்டு ஏக்கரும் தருவார்கள் என்று ஊரே மனு எழுதிக்கொண்டிருந்த 2006ஆம் வருஷம். நாலு பேருடைய ஆறு வேலி நிலத்துக்கு, கிட்டத்தட்ட நாற்பது ஏக்கருக்கு, தண்ணீர் பாய்ச்சுகிற வேலை அவருடையது. முறை வைத்து ஆற்றில் விடுகிற தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தால் எந்த மடையை எப்போது திறப்பது, எங்கே மண்ணை வெட்டிப் போட்டு அடைப்பது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கும். மேட்டூர் கைவிட்ட வருஷங்களில் மோட்டார் கொட்டகையே கதி. தனியாகச் செய்கிற வேலை. முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். நிலத்துக்காரர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாத காலத்திலும் சாமிதுரை பங்கிட்ட தண்ணீரில் குறை சொன்னதில்லை.

ஒரே ஒரு வேலை மட்டும் செய்ய மாட்டார். அறுப்புக்கு வருவார், கட்டுத் தூக்குவார். கட்டைக் கட்டுவதற்கு வைக்கோலைக் கயிறாக முறுக்கிப் பிரி திரிக்க மட்டும் உட்கார மாட்டார். "தொரைக்கு மாப்பிள்ளைக் கை, பிரி திரிச்சா சிவந்துடும்" என்று களத்தில் கேலி நடக்கும். அவரும் சிரித்துக்கொள்வார்.

மனைவி வேம்பு அந்தக் கேலியில் சேர்ந்துகொள்ள மாட்டாள். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். மற்ற பெண்களுக்கு அவள்மீது பொறாமை. குடிக்காத புருஷன், கை நீட்டாத புருஷன், கிழவனுக்குக்கூட முகம் மழிக்கிற புருஷன். "தங்கம்டி உன் ஆளு" என்பார்கள். "தங்கம்தான். பெட்டியில வச்சுப் பூட்டின தங்கம்" என்பாள் வேம்பு.

விஷயம் இதுதான். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், அது யார் குரலாக இருந்தாலும் சரி, சாமிதுரை கொடியில் கிடக்கும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். எங்கே போகிறேன் என்று சொல்ல மாட்டார். மோட்டார் கொட்டகையில் ஒரு நாள் இருப்பார், மூன்று நாள் இருப்பார். மகள் செங்கொடிக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் பெட்டிச் சாவியைத் தொலைத்தாள். வேம்பு முதுகில் ஒரு அடி வைத்தாள். அந்த ஒரு அடிக்குச் சாமிதுரை பதினொரு நாள் வீடு திரும்பவில்லை. வேம்பு தூக்கில் சோறு கொண்டுபோய்க் கொட்டகைப் படியில் வைத்துவிட்டு, முந்தின நாள் வைத்த தூக்கை எடுத்துக்கொண்டு வருவாள். பன்னிரண்டாம் நாள் அவர் போன மாதிரியே வந்து உட்கார்ந்தார். ஏன் போனார் என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தார் என்றும் சொல்லவில்லை.

செங்கொடிக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானது ஆடியில். அன்றைக்குச் சாயங்காலமே வேம்பு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னாள்.

"தையில கல்யாணம் முடியட்டும். மறுவாரம் நான் குடவாசல்ல எங்க ராசம்மாள் அக்கா வீட்டுக்குப் போயிடுறேன். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆளில்லாத வீட்டுல இருபத்திரண்டு வருஷம் இருந்தாச்சு. அங்க போனா பேசுறதுக்காவது ஒரு ஆளு இருக்கும்."

சாமிதுரை துண்டை எடுத்தார்.

மூன்றாம் நாள் திரும்பியவர், பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றார். "உங்கம்மாவைப் போக வேணாம்னு சொல்லு."

"போகச் சொன்னது நானாப்பா? நீங்கதானே இருபத்திரண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

செங்கொடிக்கு அந்தப் பெயரை வைத்தது தாத்தா மருதையன். பேச்சும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். நர்ஸ் படிப்பு முடித்து, சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவ முகாமில் ஒரு வருஷமாக வேலை பார்க்கிறவள். துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "எங்க முகாம்ல ஹலீமா மேடம்னு ஒருத்தர் இருக்காங்க. கவுன்சலிங் பண்றவங்க. மனசுல கெடக்குறதைப் பேசலாம். வியாழக்கிழமை வாங்க."

"நான் கடல்ல எதையும் விடலையே."

"கடல்ல விட்டவங்க மட்டும் வர்றது இல்லப்பா. வாங்க."

*

மேலக்கரையில் எந்த ஆபீசுக்கும் யாரும் தனியாகப் போனதில்லை. தாலுகா ஆபீசோ போலீஸ் ஸ்டேஷனோ, சங்கத்தின் கிளைச் செயலாளர் கூட வருவார். கையில் மனு இருக்கும். சாமிதுரையும் அப்படியே செய்தார். செயலாளர் குஞ்சிதபாதம் துவைத்த வேட்டியும் தோளில் சிவப்புத் துண்டுமாகக் கிளம்பினார். இரண்டு பஸ் மாறி, கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் முகாம் நடந்த பழைய ஓட்டு வீட்டுக்குள் நுழைந்து, மேஜைமேல் மனுவை வைத்தார்.

ஹலீமா கூத்தாநல்லூர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். திருச்சியில் படித்தவர். தலையை மூடிய முக்காட்டை ஒரு கையால் சரிசெய்தபடி மனுவை எடுத்து வாசித்தார்.

"பொருள்: குடும்ப ஒற்றுமை வேண்டுதல். மேற்படி நபர் நிலமற்ற விவசாயத் தொழிலாளி ஆவார். அன்னாருக்குக் குடும்பத்தோடு ஒட்டுதல் இல்லாத காரணத்தால், தாங்கள் தயை கூர்ந்து நேரில் விசாரித்து ஆவன செய்யுமாறு..." நிமிர்ந்தார். "நிலமற்ற தொழிலாளின்னு எதுக்குங்க?"

"அது ரெண்டு ஏக்கர் மனுவோட மாதிரிங்க" என்றார் குஞ்சிதபாதம் கூசாமல். "இருந்தாலும் தப்பில்ல. நிலம் இல்லைங்கிறது உண்மைதானே. இவரு எங்க கிளை உறுப்பினர். இவருக்காக நானே எடுத்துச் சொல்லிடுறேன்."

"தாராளமா சொல்லுங்க. ஆனா சொல்றவங்களுக்குத்தான் நான் வைத்தியம் பாப்பேன். அடுத்த வாரத்துலேருந்து நீங்கதான் வரணும்."

குஞ்சிதபாதம் சாமிதுரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "டீ கெடைக்குமாங்க பக்கத்துல?" என்று எழுந்துகொண்டார்.

சாமிதுரை மட்டும் மிஞ்சினார். அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. கதவுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தப் போன உதவியாளரை ஹலீமா கையால் தடுத்தார். கதவு திறந்தே கிடந்தது. அவர் கேட்ட முதல் கேள்விக்குப் பதிலாகச் சாமிதுரை ஒரு கேள்வி கேட்டார்.

"வேம்புக்கு எப்ப சம்மன் அனுப்புவீங்க?"

"சம்மனா?"

"விசாரிக்கணும்ல. ரெண்டு பக்கமும்."

"இங்க தீர்ப்பு எதுவும் கெடையாதுண்ணே. நீங்க வரலாம், பேசலாம். பேசாமலும் இருக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் குஞ்சிதபாதம், "என்னய்யா சொன்னாங்க, எத்தனை நாள்ல முடியுமாம்?" என்று கேட்டார். "தெரியல தோழர். மனுவுக்கு ரசீது குடுக்கல" என்றார் சாமிதுரை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த வியாழன் அதிகாலையிலேயே மடைகளைப் பார்த்துவிட்டு, குளித்து, தனியாக பஸ் ஏறினார். அதற்கடுத்த வியாழனும். போக வர ஐந்து மணி நேரம். உட்காருவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் பேசியது தண்ணீரைப் பற்றி. கல்லணை திறந்து எத்தனை நாளில் மேலக்கரைக்கு வரும், எந்த வருஷம் வரவேயில்லை என்று. ஹலீமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒருமுறை, "மனசும் உங்க மடை மாதிரிதாண்ணே" என்று ஆரம்பித்தார். "இல்லைங்க மேடம், மடை சொன்னபடி கேக்கும்" என்றார் சாமிதுரை. ஹலீமா சிரித்துவிட்டு அந்தப் பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

நான்காவது வியாழக்கிழமை முகாமில் போர்வைகள் வந்து இறங்கியிருந்தன. அறையில் குவித்து வைத்திருந்ததைக் கட்டாகக் கட்டி ஓரமாக வைக்க வேண்டியிருந்தது. "ஒரு கை பிடிங்கண்ணே" என்று ஹலீமா கயிற்றை நீட்டினார். யாரோ வாளித் தண்ணீரில் போட்டு எடுத்த கயிறு. ஈரம் சொட்டியது.

சாமிதுரை எழுந்தார். கை நீளவில்லை. துண்டுக்காகத் தோளைத் தடவினார்.

"என்னால ஆகாதுங்க."

ஹலீமா கயிற்றைத் தூக்கி வெளியே தாழ்வாரத்தில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. "எப்பலேருந்துண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

அவர் நின்றபடியே சொன்னார்.

எட்டு வயதில் பண்ணை மாடு மேய்த்தார். குறுவைக்கு நாற்று விட்டிருந்த காலம். மதிய வெயிலில் மூங்கில் கொத்துக்கு அடியில் தூங்கிப்போனார். இரண்டு மாடு நாற்றங்காலில் இறங்கி மேய்ந்துவிட்டது. அந்த வருஷங்களில் ஊரில் சங்கத்தின் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. முன்னைப் போல ஆளைக் கட்டிவைத்து அடிக்கப் பண்ணைக்காரர்களுக்குப் பயம். பண்ணையின் காரியக்காரர் குடையோடு வந்து நின்று மருதையனைக் கூப்பிட்டனுப்பினார். "நாங்க தொட மாட்டோம்ப்பா. தொட்டா உங்க ஆளுங்க ஊர்வலம் விடுவாங்க. உன் புள்ள, நீயே பாத்துக்க. நான் நிக்கிறேன்." அடிக்காவிட்டால் அந்தத் தெருவில் ஆறு குடும்பத்துக்கு நடவு வேலை கிடையாது என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. மருதையன் வைக்கோல் பிரியை வாய்க்காலில் நனைத்து, மகனை மாடு கட்டும் தறியில் கட்டி, அந்த ஈரப் பிரியால் அடித்தார்.

"அடி பெருசில்லைங்க" என்றார் சாமிதுரை. "அடிச்சு நிறுத்திட்டு அந்தக் குடைக்காரர் மூஞ்சியைப் பாத்தாரு, போதுமான்னு. அவரு ஒண்ணும் சொல்லல. மறுபடி அடிச்சாரு. மறுபடி பாத்தாரு. என் மூஞ்சியை அப்பவும் பாக்கல, அப்புறமும் பாக்கல."

அதற்குப் பிறகு அடிப்பதற்குக் காரணம் தேவைப்படவில்லை. கூலி குறைந்த நாளிலும் விழுந்தது, கூட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்த நாளிலும் விழுந்தது. பதினான்கு வயதுவரை. அவர் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: கை எட்டாத தூரத்தில் இருப்பது. குரல் ஏறும்போதே வீட்டைவிட்டு இறங்கிவிடுவது.

"நல்ல புத்தி அது" என்றார் ஹலீமா. "எட்டு வயசுப் பிள்ளைக்கு அதைவிடச் சரியான வழியை யாரும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது. ஆனா இப்ப உங்களைத் தேடிக்கிட்டுக் கொட்டகைக்கு வர்றது பிரி இல்லண்ணே. தூக்குல சோறு."

சாமிதுரை தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "என் கை எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியாதுங்க. அந்த மத்தியானம் வரைக்கும் அப்பா கையும் நல்ல கைதான்."

இதைச் சொல்லத்தான் அவர் இரண்டு பஸ் மாறி நான்கு வாரம் வந்திருந்தார். தன் கோபம் எந்த இடத்தில் நிற்கும் என்று தெரியாமல், அதைப் பார்க்கவே பயந்து, இருபத்திரண்டு வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடியிருக்கிறார். அதனால்தான் வேம்புவின் மேலோ மகளின் மேலோ ஒரு விரல்கூடப் படவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலையில் பாதியை வேம்பு கொடுத்தாள்.

இன்னொரு வியாழக்கிழமை, "அப்பாவைக் கேக்கணுமாங்க?" என்றார்.

"கேக்கணும்னு கட்டாயம் இல்ல. கேக்கக் கூடாதுன்னும் இல்ல. அவருக்கு முகம் மழிச்சு விடுறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்லைங்க. ரேசர் என் கையில இருக்கும்போதுதான் பயமில்லாம அவரு பக்கத்துல நிக்க முடியுது."

ஹலீமா அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

*

வீட்டில் செய்து பார்ப்பதற்கு ஹலீமா கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. வெளியே போகத் தோன்றினால் போகலாம். ஆனால் எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும்.

"இதுக்கா மேடம் நான் ரெண்டு பஸ் மாறி வர்றேன்?"

"செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க."

அந்த வாரம் அவருக்குப் புரிந்தது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் நிலைக்கதவைப் பார்த்து, "வடக்கு மடைக்குப் போயிட்டு ஆறு மணிக்கு வரேன்" என்றார்.

அடுப்படியிலிருந்து வேம்பு எட்டிப் பார்த்தாள். "யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. உனக்குத்தான் சொன்னேன்."

வேம்பு கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே."

ஆறு மணிக்கு வந்தார். மறுநாளும் சொன்னார், வந்தார். ஒருநாள் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டது. அடைத்துவிட்டு வர நேரமாகிவிட்டது. முழங்கால்வரை சேற்றோடு ஓடிவந்து வாசலில் மூச்சு வாங்க நின்றார். "இருபது நிமிஷம் தாமதமாயிடுச்சு."

"நீங்க என்ன ரயிலா?" என்றாள் வேம்பு. ஆனால் அன்றைக்குக் கால் கழுவத் தண்ணீரை அவளே மொண்டு கொண்டுவந்து வைத்தாள்.

செங்கொடி ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அம்மா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருப்பதைப் பார்த்தாள். "போறதுதான்னு முடிவா?" என்று கேட்டாள். "தை வரட்டும் பாப்போம்" என்றாள் வேம்பு. ஆடியில் போட்ட கணக்கில் அந்த 'பாப்போம்' இல்லை.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வதை இத்தனை வருஷமும் சாமிதுரை தானேதான் செய்துகொண்டார். முதுகில் பாதிக்கு எண்ணெய் படாமலே போகும். அந்த வருஷம் பலகையில் உட்கார்ந்து, கிண்ணத்தைப் பின்னால் நீட்டினார். வேம்பு வாங்கிக்கொண்டாள். அவர் தோள் மரக்கட்டை போல இறுகியிருந்தது. முதுகில் கோடு கோடாகத் தடித்திருந்த தழும்புகளை அவள் அறிவாள். கல்யாணமான புதிதில் கேட்டதற்கு மாடு முட்டியது என்றிருந்தார்.

"அது மாடு முட்டினது இல்ல" என்றார் இப்போது, முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு முழுவதையும் சொன்னார்.

வேம்பு அழவில்லை. எண்ணெய்க் கை நின்ற இடத்திலேயே நின்றது. "பிரி திரிக்க மாட்டேன்னு சொல்றது இதுக்குத்தானா?" என்றாள். "ஊரே சிரிக்கிது. நீங்களும் கூடச் சேந்து சிரிக்கிறீங்க." பிறகு மிச்ச எண்ணெயை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்கத் தோள் கொஞ்சம் இறங்கியது.

சொன்னால் அவளுக்கும் கோபம் வரும், அது யார் பக்கம் திரும்பும் என்பது நம் கையில் இல்லை என்று ஹலீமா முன்னமேயே எச்சரித்திருந்தார். வந்தது. மறுநாளிலிருந்து மருதையனின் தட்டு தரையில் சத்தத்தோடு உட்கார்ந்தது. கிழவர் நிமிர்ந்து பார்ப்பார். அவள் பார்க்க மாட்டாள். சாமிதுரை பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

*

மார்கழிக் கடைசியில் ஒரு பிற்பகல், குஞ்சிதபாதம் அழைப்பிதழ் மாதிரியோடு வந்தார். சங்கத்துக் குடும்பங்களில் கல்யாணம் மாலை மாற்றி, மூத்த தலைவர் ஒருவர் தாலி எடுத்துக் கொடுத்து நடப்பதுதான் வழக்கம். "வேற யாரையும் கூப்பிட வேணாம்யா. மருதையன் அய்யா கையாலயே எடுத்துக் குடுக்கட்டும். கிளை முழுக்க ஆசைப்படுது" என்றார். சாமிதுரை தலையசைத்து வாங்கிக்கொண்டார். அவர் போனதும் உள்ளே வந்து, பெட்டிக்கு முன்னால் புடவை மடித்துக்கொண்டிருந்த வேம்புவிடம் தாளை நீட்டினார். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமானது.

"இந்தக் கையாலயா?" என்றாள். "எம் மக கழுத்துக்கு ஏறப்போற தாலி இந்தக் கையாலயா வரணும்?"

"ஊரு ஆசைப்படுது."

"ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குஞ்சிதபாதத்துக்கிட்டப் போயி வேணாம்னு சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. போட்டோ மாட்டி வச்சிருக்காங்கல்ல, அதுக்குக் கீழ எழுதச் சொல்லுங்க."

"வேம்பு, அவரு ஜெயிலுக்குப் போனதும் நெசம். இந்த மனைக்கட்டு அவரு வாங்கிக் குடுத்தது."

"அதுக்காக? உங்களுக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அந்தக் கிழவனுக்கு உக்காந்து முகம் மழிச்சு விடுறீங்க, தட்டைக் கழுவி வைக்கிறீங்க. எனக்கு வயிறு எரியுது."

"அது எம் முதுகு" என்றார் சாமிதுரை. குரல் அவரே கேட்டிராத உயரத்துக்குப் போயிருந்தது. "உன் முதுகு இல்ல. என்ன செய்யணும்னு நான் பாத்துக்கறேன்."

கை பெட்டியின் மூடியில் விழுந்தது. தகரம் அதிர்ந்த சத்தத்தில் வாசலில் இருந்த மருதையனின் இருமல் நின்றது. வேம்பு ஒரு எட்டுப் பின்வாங்கிச் சுவரோடு நின்றாள். மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம்.

சாமிதுரை தன் கையைப் பார்த்தார். அது பெட்டியின் மேல்தான் இருந்தது. அங்கேயே நின்றிருந்தது. மெல்ல எடுத்துக்கொண்டார்.

கொடியில் துண்டு கிடந்தது. எடுத்துத் தோளில் போட்டார்.

"போங்க" என்றாள் வேம்பு. "போயிட்டுத் தை மாசம் வாங்க. பெட்டி கட்டி ரெடியாத்தான் இருக்கு."

வாசல்வரை போய்விட்டார். தாழ்ந்த நிலைக்கு அடியில் குனியப் போனவர் நிமிர்ந்தார். முழுசாகத் திரும்பி, அறைக்குள் இரண்டு எட்டு வந்து, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றார். மூச்சு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது.

"பெட்டியைத் தட்டினது தப்பு. பயந்துட்ட நீ. நான் மேல மடைக்குப் போறேன், அடைக்க வேண்டியிருக்கு. ஆறரை மணிக்கு வந்துடுவேன். வந்து, விட்ட எடத்துலேருந்து சண்டை போடுவோம். நீ சொன்னதுல பாதி சரி. எந்தப் பாதின்னுதான் எனக்கு இன்னும் புரியல."

வேம்பு மடிக்காத புடவையின் ஒரு முனையை மோவாயில் பிடித்தபடி நின்றாள். பார்வை பெட்டி மூடியின் பள்ளத்தில் இருந்தது.

"ஆறரைக்கு" என்றார் மறுபடியும். "சொன்னது கேட்டுதா?"

வெளியே கிழவர் மறுபடி இருமத் தொடங்கினார். சாமிதுரை சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, குனிந்து, அறையைவிட்டுப் போனார்.